பாயசம் அக்காவின் ஏழாவது முகம்

ஹரிசுதன் கழுவிய படங்களிலேயே உலகம் சுற்றியது ஒன்றுதான். அதற்கு ஊர் வைத்த பெயர் ‘பாயசம் அக்கா’.

கழுவுவது என்பது மீம் போடும் கூட்டத்தின் பாஷை. ஏதோ ஒரு வீடியோவில் ஒரு முகம் சிக்கும். அதைப் பிடித்து, சுற்றியிருக்கும் வேண்டாத சங்கதிகளை வெட்டி, எழுத்து இருந்தால் அழித்து, முகத்தைத் துலக்கி, மேலே எழுத இடம் விட்டுக் குழுவில் போடவேண்டும். அதுதான் டெம்ப்ளேட். அதன்பிறகு அது ஊர்ச்சொத்து. யார் வேண்டுமானாலும் எடுத்து எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கழுவியவன் தன் பெயரைப் போடக்கூடாது என்பது எழுதாத சட்டம். ‘மொக்கை மாவட்டம்’ என்ற அந்தக் குழுவின் ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஹரிசுதன் அளவுக்குப் பொறுமையாகக் கழுவ ஆள் கிடையாது. தலைமுடியைக்கூட இழை இழையாகப் பிரித்தெடுப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிக்கியது ஒரு கல்யாண மண்டபத்து நேரலை. பந்தி நடக்கிறது. பாயச வாளியோடு ஒருவர் வரிசையாக ஊற்றிக்கொண்டு வருகிறார். ஒரு பெண்ணின் இலைக்கு முன்னால் வந்தவர், ஊற்றாமல் விறுவிறுவென்று அவளைத் தாண்டிப் போய்விடுகிறார். அவள் அந்தத் திசையில் ஏறிட்டுப் பார்க்கிறாள். கண் விரிந்து, வாய் பாதி திறந்து, கையில் எடுத்த அப்பளம் அந்தரத்தில் நிற்க, உலகமே கைவிட்டுவிட்ட பார்வை. ஒரு கரண்டி பாயசத்துக்கா இந்தப் பாடு! ஹரிசுதனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அரைமணி நேரத்தில் கழுவி முடித்தான். அவள் முகத்தையும் பாயச வாளியையும் மட்டும் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்த சீரியல் விளக்குகளை அழித்தான். வலது ஓரத்தில், தரையில், யாருடையதோ ரோஜா நிறப் பாவாடையின் நுனி குறுக்கே தெரிந்தது. கண்ணை உறுத்தியது. அதையும் வெட்டினான்.

சாயங்காலத்துக்குள் வாளியின்மேல் ‘சம்பள உயர்வு’ என்றும் அக்காவின்மேல் ‘நான்’ என்றும் எழுதிவிட்டார்கள். மறுநாள் வாளி மழையானது, அக்கா மதுரையானாள். அடுத்த வாரம் பாயசம் என்றால் என்னவென்றே தெரியாத நாட்டுக்காரர்கள்கூட அவளை வைத்துத் தங்கள் தேர்தலைக் கிண்டலடித்தார்கள். டீ ஷர்ட் வந்தது, ஸ்டிக்கர் வந்தது. கம்ப்யூட்டரை வைத்து அதே முகத்தைக் கோபப்பட வைத்தார்கள், அழ வைத்தார்கள், அருவருக்க வைத்தார்கள். மூன்று வாரத்தில் நாலு கோடிப் படங்கள். வெளியில் சொல்ல முடியாவிட்டாலும் ஹரிசுதனுக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை.

நாலாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, பாயசம் அக்கா அவன் கவுண்டருக்கு நேரில் வந்து நின்றாள்.

ஹரிசுதனுக்குச் சோறு போடுவது மீம் அல்ல, முகச்சாவி. ஆதார் அட்டை, கைரேகை, கையெழுத்து எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு அந்த ஏற்பாடு வந்து ஆறு வருடமாகிறது. ரேஷன் கடையானாலும் வங்கியானாலும் கேமராமுன் முகத்தைக் காட்டினால் போதும். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரைத்தளத்தில், முகச்சாவி உதவி மையத்தில் அவனுக்கு வேலை. கண் ஆபரேஷன் ஆனவர்கள், முகத்தில் கட்டுப் போட்டவர்கள் என்று வருவார்கள். புதிதாகப் படம் எடுத்து அனுப்பிவைப்பான்.

“தம்பி, மூணாவது மாடில கதவு என்னைய உள்ள விட மாட்டேங்குது,” என்றாள் அவள். “எம் மக உள்ள இருக்கா. காலைல இட்லி வாங்க வெளிய வந்தேன். நேத்து வரைக்கும் தொறந்துச்சு.”

ஹரிசுதன் நாற்காலியிலிருந்து எழுந்தான். அரைமணி நேரம் உற்றுப் பார்த்துத் துலக்கியதில் அவள் புருவத்தின் ஒவ்வொரு முடியும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இவளுக்கு ஒரு குரல் இருக்கும், ஒரு பெயர் இருக்கும் என்பது மட்டும் ஏனோ தோன்றியதே இல்லை.

“பேரு சொல்லுங்கக்கா.”

“நாகஜோதி. மக மிதுலா. ஒம்போது வயசு. தலைல கட்டி. நாலு மணிக்கு ஆபரேசன்.”

கேமராவை அவள் பக்கம் திருப்பினான். இனிமையான பெண்குரல் ஒன்று சொல்லிற்று: “படம் ஏற்கப்படாது. தயவுசெய்து ஆளை நிறுத்தவும்.”

“இதான் தம்பி. அங்கயும் இதையேதான் சொல்லுது. ஆளுதானே நிக்கிறேன்?”

இன்னொரு கேமரா. அதே பதில். ஹரிசுதன் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய் மேலதிகாரி பெனசிர் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னான். படத்தைக் கழுவியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். பயமாக இருந்தது.

மேடம் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “பாயசம் அக்காவா? அடக் கடவுளே. இது பழுது இல்ல சுதன். சாவி சரியாத்தான் வேலை செய்யுது.”

“என்ன மேடம் சொல்றீங்க?”

“அடுத்தவங்க போட்டோவைக் காட்டி ஏமாத்துறாங்கள்ல? அதனால எது படம், எது ஆளுன்னு அது மணிக்கு மணி நெட்டைப் பாத்துப் படிச்சுக்கிட்டே இருக்கு. ஒரு மொகம் ஒரே மாதிரி கோடித் தடவை வந்தா அது படம்னு முடிவு பண்ணிரும். அதுவும் பின்னாடி ஒண்ணுமே இல்லாம, சுத்தமா வெட்டி ஒட்டுன மொகம் வேற. சந்தேகமே வராது.”

“ஆள வெச்சுத் தொறக்கச் சொல்லலாமே?”

“யாரை? போன வருசம் வேற ஆஸ்பத்திரில பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போனப்புறம் மனுசன் கையால தொறக்குற வழியையே எடுத்துட்டாங்க. வாசல்ல இருக்குற கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒருத்தர் ஒருத்தராத்தான் போகணும். ஆபரேசனுக்கும் அம்மா மொகம் சம்மதம் குடுத்தாத்தான் மயக்க மருந்துப் பெட்டியே தொறக்கும். டாக்டர் நெனச்சாலும் முடியாது.”

“அப்பா?”

“தவறிட்டாரு. பதிவுல அம்மா மட்டும்தான்.” மேடம் தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினார். பதில் உடனே வந்தது. இருபத்தோரு வேலை நாளில் பரிசீலிப்பார்களாம். “கட்டி அதுவரைக்கும் காத்திருக்குமா?” என்றார் யாரிடம் என்றில்லாமல்.

ஹரிசுதன் நாகஜோதியின் பதிவைத் திறந்தான். எல்லோருக்கும்போல் அவளுக்கும் ஏழு முகங்கள் எடுத்திருந்தார்கள். மருத்துவமனைக்கு அழுதுகொண்டு வருவார்கள், போலீஸ் நிலையத்துக்குக் கோபமாக வருவார்கள், எப்படி வந்தாலும் அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காக. சும்மா இருக்கும் முகம், கோபம், அழுகை, பயம், ஆச்சரியம், அருவருப்பு, சிரிப்பு. முதல் ஆறின்மேலும் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. ‘படம்.’ ‘படம்.’ ‘படம்.’ ஏழாவது மட்டும் பச்சையாக இருந்தது.

ஏன் என்று மேடத்துக்கு விளங்கவில்லை. ஹரிசுதனுக்கு உடனே விளங்கிவிட்டது. பாயசம் அக்காவை எல்லாரும் எல்லா விதமாகவும் மாற்றினார்கள், சிரிக்க மட்டும் யாரும் வைக்கவில்லை. அக்கா சிரித்துவிட்டால் அப்புறம் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

“மேடம், அவங்க சிரிச்சா கதவு தொறக்கும்.”

“பல்லைக் காட்டுனா ஆகாது சுதன். கண்ணு சிரிக்கணும். முகமூடிக்காரன் எல்லாம் பல்லைக் காட்டித்தான் வருவான், அதுக்குத் தெரியும்.” மேடம் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். “புள்ளையத் தலைல கத்தி வைக்கக் குடுத்துட்டு நிக்கிறவகிட்ட எப்படிப்பா போயிச் சிரின்னு சொல்றது?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஹரிசுதன் அவளை மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போனான். கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டிருந்த காவலாளி ஒச்சப்பன் எழுந்து நின்றார். “தங்கச்சிய நாலு நாளாப் பாக்குறேன் தம்பி. நான் சொன்னா இந்தக் கண்ணாடி கேக்க மாட்டேங்குது. ஒடச்சிரலாம்னா உள்ள ஆக்சிசன் எல்லாம் நின்னுபோகுமாம்.”

எதிர் பெஞ்சில் காத்திருந்த இளைஞர்கள் இருவர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். “டேய், பாயசம் அக்காடா!” ஒருவன் கூச்சமே இல்லாமல் பக்கத்தில் வந்து செல்பி எடுத்துக்கொண்டு போனான். நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“பஸ்ஸுல, கடைல எல்லாம் இப்படித்தான்,” என்றாள். “சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இப்ப என்ன செய்யணும் தம்பி?”

சொன்னான். அவள் அவனையே பார்த்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்காததுதான் பாக்கி. பிறகு கூண்டின்முன் போய் நின்று வாயை இழுத்துப் பல்லைக் காட்டினாள்.

“படம் ஏற்கப்படாது.”

மறுபடி செய்தாள். மறுபடி அதே குரல். ஒச்சப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. ஹரிசுதன் தனக்குத் தெரிந்த சிரிப்பையெல்லாம் சொல்லிப் பார்த்தான். கோடிப் பேரைச் சிரிக்க வைத்தவன் அவன். உளறி, பாதியில் மறந்து, ஒரு ஜோக்கைக்கூட உருப்படியாக முடிக்க முடியவில்லை. அவளும் பாவம், முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் தலையாட்டினாள். ஒச்சப்பன் தன் மாமனார் கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னார். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு மணிக்கு உள்ளேயிருந்து நர்ஸ் கண்ணாடியைத் தட்டி, வாயசைத்து ஏதோ சொன்னாள். பிள்ளை அம்மாவைக் கேட்கிறாள் என்பது புரிந்தது. நாகஜோதி கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். தன் வாழ்நாளில் ஹரிசுதன் அப்படிப் பயந்ததே இல்லை. இந்தக் கதவு திறக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை. அதைவிட, இதைச் செய்தவன் நான் என்று சொல்லாமலே இவள் பக்கத்தில் இன்னும் எத்தனை நேரம் நிற்பது?

“அக்கா,” என்றான். “அந்தப் படம் நான் போட்டதுதான். நான்தான் வெட்டி, சுத்தம் பண்ணிக் குடுத்தேன்.”

அவள் திரும்பினாள். அறைவாள் என்று நினைத்தான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

“நீங்கதானா,” என்றாள். “அந்தப் படத்துல வலது கை ஓரமா என்ன தம்பி இருந்துச்சு? நான் தேடித் தேடிப் பாத்தேன். எதுலயுமே இல்ல.”

“ஒண்ணும் இல்லக்கா. யாரோ… ஒரு ரோஸ் பாவாடை.”

“மிதுலா.”

ஹரிசுதன் கண்ணாடிக்கு அப்பால், பிள்ளை இருந்த பக்கம் பார்த்தான்.

“கடைசி இலைக்கிட்ட வெளையாண்டுக்கிட்டு இருந்தவ கை காலு வெட்டி வெட்டி இழுத்து விழுந்துட்டா. மொத மொத அன்னைக்குத்தான் அப்படி வந்துச்சு. அந்த அண்ணன் வாளியோட அவளத் தூக்கத்தான் ஓடுனாரு. பாயசம் ஊத்தலைன்னு யாரு பாத்தா? எனக்குக் காலு எந்திரிக்க வரல.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அந்த ஓரத்த விட்டு வெச்சிருந்தா எல்லாரும் சிரிச்சிருக்க மாட்டாங்கள்ல?”

ஒச்சப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அரைமணி நேரம் பேச்சு மூச்சில்ல தம்பி. மண்டபமே கூடிருச்சு. நான் கும்புடாத சாமி இல்ல. அப்புறம் கண்ண முழிச்சுப் பாத்தா. சுத்தி முப்பது பேரு நிக்கிறோம். என்னையப் பாத்து மொத வார்த்தை என்ன கேட்டா தெரியுமா?” அவள் உதடு நடுங்கியது. “‘அம்மா, பாயசம் தீந்துருச்சா?’ன்னு கேட்டா.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் ஓட, தோள் குலுங்க, தடுக்க முடியாமல் வந்தது. “முப்பது பேரு அழுதுக்கிட்டு நிக்கிறோம், இவ… தீந்துருச்சான்னு…” ஒச்சப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஹரிசுதன் அவள் தோளைப் பிடித்துக் கூண்டின் பக்கம் திருப்பினான்.

“வணக்கம், நாகஜோதி,” என்றது அந்த இனிமையான குரல். கண்ணாடி விலகியது.

அவள் ஓடினாள். ஹரிசுதன் படியிறங்கி வந்து, மேடத்திடம் எல்லாவற்றையும், விட்டுவைக்காமல், சொன்னான். மேடம் திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். மணி இரண்டரை.

போன் அதிர்ந்தது. மொக்கை மாவட்டம். யாரோ ஒரு எட்டு நொடி வீடியோவைப் போட்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எடுத்தது. பின்னால் ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்ற பலகை பளிச்சென்று தெரிய, அதன்முன் நின்று பாயசம் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கீழே எழுதியிருந்தது: ‘மாமியார் சீரியஸ்னு போன் வந்தப்ப என் பொண்டாட்டி.’

அதற்குக் கீழே வரிசையாக வந்துகொண்டிருந்தன. “பாயசம் கெடச்சிருச்சுடோய்!” “ரெண்டாம் பாகம்!” “சுதன் அண்ணே, சீக்கிரம் கழுவிக் குடுங்க. நீங்க பண்ணாத்தான் பர்பெக்டா இருக்கும்.”

உடனே எழுதினான்: “வேணாம்ப்பா. அவங்க புள்ளைக்கு ஆபரேசன். தயவுசெஞ்சு யாரும் பரப்பாதீங்க.”

பிறகு ஒருவன் பதில் போட்டான். பழைய பாயசம் அக்கா. வாளியில் ‘டெம்ப்ளேட்’. அவள் முகத்தில் ‘நாங்க’. நூற்றிருபது பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

மூன்று மணிக்குள் வேறு யாரோ கழுவிவிட்டார்கள். அவசரத்தில் செய்த வேலை, காதோரம் பிசிறு தெரிந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏற்கெனவே நாலு கோடிப் படங்களில் வந்த முகம், அதனால் புதிதாக அறிமுகம் தேவைப்படவில்லை. மூன்றே காலுக்கு ஒரு லட்சம். மூன்றரைக்கு ஒன்பது லட்சம். ஏற்கெனவே ‘படம்’ என்று முடிவான முகத்துக்குச் சாவி கோடிவரை காத்திருக்காது. ஹரிசுதன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கெஞ்சி எழுதிப் பார்த்தான். கரண்டியால் கடலை இறைப்பதற்குச் சமம் என்று தெரிந்தும் எழுதினான். பதிவைத் திறந்து பார்த்தபோது ஏழாவது முகம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. ‘அடுத்த புதுப்பிப்பு: 4.00’ என்று ஓரத்தில் இருந்தது.

“மேடம், நாலு மணிக்கு முன்னாடி அவங்ககிட்ட சம்மதம் வாங்கணும்!” கத்திக்கொண்டே படியேறி ஓடினான்.

பழுது பார்க்கும் ஆள் என்று கூண்டு அவனை உள்ளே விட்டது. மூன்று ஐம்பத்தி எட்டு. மிதுலாவின் கட்டிலைச் சுற்றி டாக்டரும் இரண்டு நர்ஸுகளும் நின்றார்கள். பிள்ளைக்கு மொட்டையடித்திருந்தது. கட்டிலின் தலைமாட்டில் மருந்துப் பெட்டி, அதன்மேல் ஒரு சின்னக் கேமரா. நாகஜோதி அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

“வாங்க தம்பி! இப்பத்தான் டாக்டர் எல்லாம் எடுத்துச் சொல்லி முடிச்சாரு. ஒண்ணும் பயமில்லங்குறாரு.”

“அக்கா, மொதல்ல கேமராவப் பாருங்க. சிரிங்க. இப்பவே!”

“அதுக்கென்ன.” அவளுக்கு இப்போது சிரமமே இல்லை. மகள் பக்கத்தில் இருந்தாள். மிதுலா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, “அம்மா, ஆபரேசன் முடிஞ்சு பாயசம் உண்டா?” என்று கேட்டாள். நாகஜோதி வாய்விட்டுச் சிரித்தாள். நர்ஸுகள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடே அவள் கேமராவின் பக்கம் திரும்பினாள்.

சுவர்க் கடிகாரம் நான்கைக் காட்டியது.

“படம் ஏற்கப்படாது. தயவுசெய்து ஆளை நிறுத்தவும்.”

மருந்துப் பெட்டி திறக்கவில்லை. டாக்டர் மணியைப் பார்த்தார். நர்ஸ் ஒருத்தி, “இன்னொரு தடவை சிரிங்கம்மா,” என்றாள். நாகஜோதி சிரித்தாள். அதே குரல். சிரிப்பு மெல்ல அவள் முகத்திலிருந்து இறங்கியது.

அவள் ஹரிசுதனின் பக்கம் திரும்பினாள். கண் விரிந்து, வாய் பாதி திறந்து, மகளின் கையைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. நாலு கோடித் தடவை உலகம் பார்த்த பார்வை. வலது ஓரத்தை வெட்டாமல், ஹரிசுதன் இன்றுதான் அதை முழுதாகப் பார்த்தான்.

“தம்பி,” என்றாள். “இனி நான் எந்த மொகத்தக் காட்டட்டும்?”